ஒண்ணு மூணு நாலு ரெண்டு

அன்று பதினோரு மணிக்கு என் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். மறுநாள் அவளுக்கு அறுபத்தைந்து முடிகிறது. அறுபத்தைந்து முடிந்தவர்களுக்குப் புதிதாக லைசென்ஸ் தருவதில்லை என்று எங்கள் பக்கம் ஒரு சட்டம். ஏற்கெனவே இரண்டு தடவை போய்த் தோற்றுவிட்டு வந்தவள். இந்த மூன்றாவதும் போனால் சாகிறவரைக்கும் பக்கத்து இருக்கைதான்.

தோற்றதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோதுதான் வண்டி காலை வாரியது. நான்கு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்யும். நாலாவது மனம் வந்தால் சேர்ந்துகொள்ளும். முதல் தடவை வண்டி உதறிய உதறலில் டெஸ்ட் எடுக்கும் அதிகாரியின் மூக்கு டாஷ்போர்டில் மோதி உடைந்தது. இரண்டாம் தடவை அவர் முன்ஜாக்கிரதையாகப் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். விலா எலும்பு இரண்டு போயிற்று. அவர் இவளைத் தோற்கடித்ததில் எனக்கு மனவருத்தமே கிடையாது.

"அவ்ளோ அவசியமா உனக்கு லைசென்ஸ்? எங்க போகணும்னாலும் நான் இருக்கேன், உங்க அண்ணனுங்க நாலு பேர் இருக்காங்க" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்குத்தான்" என்றாள்.

கோளாறு பிளக் ஒயரில். இன்ஜின் பக்கத்தில் டிஸ்ட்ரிப்யூட்டர் என்று ஒன்று இருக்கும், சிலிண்டர்களுக்கு முறைவைத்துக் கரண்ட்டைப் பங்கு போடுவது. அதன் வட்டமான மூடியிலிருந்து தடித்த ஒயர்கள் நான்கு கிளம்பி நான்கு பிளக்குக்குப் போகும். மூடியின் நடுவில் ஐந்தாவது ஒயர் ஒன்று, வோல்ட்டை ஏற்றுகிற காயிலிலிருந்து கரண்ட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் வண்டியில் எல்லாம் பதினெட்டு வருஷத்துச் சரக்கு. ரப்பர் வெடித்து, ஒயருக்குள் போக வேண்டிய கரண்ட் பாதி வெளியே குதித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அப்படிக் குதித்த பொறி எங்கள் பூனையின் இடது மீசையைப் பொசுக்கிவிட்டது. அதிலிருந்து அந்தப் பூனை வலது பக்கமாக மட்டுமே திரும்பும். இடது பக்கம் போக வேண்டுமென்றால் மூன்று தடவை வலது பக்கம் திரும்பிப் போகும்.

புது ஒயர் செட் வாங்கி வைத்திருந்தேன். அரை மணி நேரத்து வேலை. ஒன்றைக் கழற்ற வேண்டும், அதே நீளத்தில் புதியதை எடுத்து அதே இடத்தில் மாட்ட வேண்டும், அதன் பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையில் இருக்கும் ரப்பர் தொப்பியைப் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். இவ்வளவுதான். காலை எட்டு மணிக்குப் பானெட்டைத் திறந்து, கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன். வாசலில் வேன் வந்து நின்றது.

என் மனைவியின் அண்ணன்கள் நான்கு பேரும் இறங்கினார்கள். வயது வரிசையில் இறங்கினார்கள்.

அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரியவர் கசாப்பு. எழுபத்துநாலு வயது, கடையை விட்டுப் பத்து வருஷமாகியும் யாரைப் பார்த்தாலும் முதலில் தொடையைத்தான் பார்ப்பார். இரண்டாமவர் வெடி. கல் குவாரியில் பாறைக்கு வெடி வைத்தவர், வலது காது கேட்காது. மூன்றாமவர் சம்மட்டி, இரும்புப் பட்டறைக்காரர். நான்காமவர் குறடு. பல் டாக்டர், குடும்பத்திலேயே படித்தவர். பல் பிடுங்கும்போது ஆளின் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொள்வார் என்பதைத் தவிர மென்மையான மனிதர்.

அந்தக் குடும்பத்தில் எல்லாமே மூப்பு வரிசை. குளிப்பது, சாப்பிட உட்காருவது, முடி வெட்டிக்கொள்வது எல்லாம். சின்ன வயதில் அம்மை முதலில் குறடுக்கு வந்ததாம். அண்ணன்கள் மூவரும் சேர்ந்து அடித்த அடியில் அம்மை இறங்கிப் போய், கசாப்பிலிருந்து ஆரம்பித்து முறையாக வந்ததாம். இதை அவர்களே பெருமையாகச் சொல்வார்கள்.

வரிசை தப்பியது ஒரே ஒரு விஷயத்தில். வெடிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் குவாரியில் திரி முந்திக்கொண்டு, இரண்டு புருவமும் முன்பல் மூன்றும் போயின. பெண் அவரைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தவள்தான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. காத்திருந்து பார்த்துவிட்டுச் சம்மட்டிக்குக் கல்யாணம் செய்தார்கள். பிறகு குறடுக்கு. ஏழு வருஷம் கழித்து, அவ்வளவாகக் கண் தெரியாத ஒரு நல்ல பெண் கிடைத்து, வெடிக்கு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தவர்களுக்குக் குறடு பல் செட் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"என்ன மாப்ளே, பாப்பாவுக்கு இன்னிக்கு டெஸ்ட்டு, நீங்க வண்டிய கொடல் எடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் கசாப்பு. அறுபத்துநாலு வயதிலும் அவள் அவர்களுக்குப் பாப்பாதான்.

"ஒண்ணும் எடுக்கல மச்சான். நாலு ஒயரு மாத்தணும். அரை மணி நேரம்."

"ஒயரு நாலு, நாங்க நாலு பேரு. ஆளுக்கு ஒண்ணு. அஞ்சு நிமிஷம்."

"வேணாம் மச்சான், ஒவ்வொண்ணாத்தான்..."

"ஆட்ட உரிக்கறப்ப இந்தக் கால இன்னிக்கு, அந்தக் கால நாளைக்குன்னா உரிப்பாங்க? தள்ளுங்க."

நான் தள்ளி நின்றேன். என் தப்பு அதுதான். சிலிண்டர்களை முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார்கள் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். முகம் மலர்ந்து, மூப்பு வரிசையில் ஆளுக்கொரு ஒயரைப் பிடித்துக்கொண்டார்கள். "இழுடா!" என்றார் கசாப்பு.

இழுத்தார்கள். சம்மட்டியின் முழங்கை பின்னால் வந்து குறடின் தாடையில் இறங்கியது. குறடு பழக்கதோஷத்தில் முழங்காலை ஊன்ற, ஹெட்லைட் வெடித்துச் சிதறியது. கசாப்பின் கையோடு ஒயரும் ரப்பர் தொப்பியும் வந்தன, கூடவே என் சட்டைக் கையும் வந்தது. வெடியின் ஒயர் அறுந்த வேகத்தில் அவர் பின்னால் போய்க் கராஜ் சுவரில் இருந்த அலமாரியைத் தலையால் இடித்தார். பெயின்ட் டப்பாக்கள் ஒவ்வொன்றாக அவர் தலையில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார், கதை கேட்பவரைப் போல.

அதுவரைக்கும் யாருக்கும் யார் மேலும் கோபமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டு புது ஒயரை எடுத்து அவரவர் பிளக்கில் அவரவர் மாட்டினார்கள். நான்கும் 'டக்' என்று உட்கார்ந்தன. மறுமுனைகள் நான்கும் அவர்கள் கையில்.

"மூடியில நாலு ஓட்ட இருக்கு மாப்ளே. எது யாருக்கு?" என்றார் கசாப்பு.

நான் முப்பத்தாறு வருஷம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன். ஐம்பத்தெட்டுப் பெட்டிக்குப் பின்னால், கடைசியில், தனியாக உட்கார்ந்து போனவன். வரிசையில் கடைசி என்பது ஒரு மனிதனுக்கு வலிக்கும் என்ற எண்ணமே என் மூளைக்குள் ஏறாது. புத்தகத்தைத் திறந்து, இன்ஜின் எந்த வரிசையில் வெடிக்கும் என்ற பக்கத்தில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

"ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு."

வெடியைத் தவிர மற்ற மூவரும் ஆளுக்கோர் அடி பின்வாங்கினார்கள்.

"என்ன சொன்னீங்க?" என்றார் வெடி. "இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

நான் சுற்றிக்கொண்டு போய், கேட்கும் காதில், நிதானமாக மறுபடி சொன்னேன்.

அவர் கையில் ஸ்பானர் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது என் தாடையில் இருந்தது. பிறகு நான் தரையில் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

"நாப்பது வருஷமா இத மனசுல வெச்சிருந்தீங்களா மாப்ளே?"

"புஸ்தகத்துல இருக்கு மச்சான்" என்றேன், அல்லது அந்த மாதிரி ஏதோ ஒன்று. தாடை ஏற்கெனவே வேறு பக்கம் போயிருந்தது.

"புஸ்தகத்துலயே போட்டுட்டானுங்களா!"

அப்போது சம்மட்டி சிரித்தார். சிரிக்காமல் இருந்திருக்கலாம். "இன்ஜினுக்கே தெரிஞ்சிருக்குண்ணே" என்றார்.

வெடி ஜாக்கியைத் தூக்கிச் சம்மட்டியின் தோளில் போட்டார். காய்ந்த பலகை பிளக்கும் சத்தம் கேட்டது. சம்மட்டி ஐம்பது வருஷம் இரும்பு அடித்தவர். உடைந்த தோளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நல்ல கையால் சுத்தியலை எடுத்து வீசினார். வெடி குனிய, அது மட்கார்டைத் துளைத்துக்கொண்டு போய் டயருக்கு மேல் நின்றது. பிடுங்க வரவில்லை. ஆகவே முஷ்டியால் ஆரம்பித்தார். வெடியின் மூக்கு முதல் அடியிலேயே கன்னத்தோடு கன்னமாகப் படுத்துவிட்டது. விலக்கிவிடப் போன குறடைச் சம்மட்டி தவறுதலாக அடித்தார். குறடு தவறாமல் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு வெடியின் காதைக் கடித்தார். கேட்காத காதைத்தான். படித்தவர் இல்லையா, உபயோகத்தில் இருக்கும் உறுப்பைத் தொட மாட்டார்.

கசாப்பு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மூத்தவர் என்ற முறையில் சமாதானம் செய்ய எழுந்தார். வெடியை ஓர் அடி. சம்மட்டியை ஓர் அடி. குறடை ஓர் அடி. முறை தவறவில்லை. மூன்று பேரும் மூன்று மூலையில் போய் விழுந்தார்கள். கடைசியில் என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க மாப்ளே, உங்கள விட்டா மரியாதையா இருக்காது" என்று சொல்லி, வீட்டு மாப்பிள்ளைக்கு உரிய மரியாதையோடு வயிற்றில் குத்தினார். காலையில் குடித்த காபியை மட்டுமல்ல, முந்தின வாரம் குடித்ததையும் பார்த்தேன்.

சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு டீச்சரின் தலை தெரிந்தது.

"டெஸ்ட் இன்னிக்குத்தானா?"

"ஆமா டீச்சர்" என்றார் குறடு, ஒரு பல்லைத் துப்பிவிட்டு. அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல பல்லு. என்னோடது இல்ல" என்றார்.

"அப்ப சரி" என்று டீச்சர் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாலைந்து சொட்டு ரத்தம் அந்தப் பக்கமும் போயிருந்தது.

ஒன்பதரைக்கு என் மனைவி வெளியே வந்தாள். தலை வாரி, செருப்பு மாட்டி, கையில் காகிதங்கள் வைத்த பை. எல்லோரும் அப்படியே நின்றார்கள். சம்மட்டியின் கை அப்போது குறடின் வாய்க்குள் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது பாப்பா. நானே மாட்டிட்டேன். வரிசையா" என்றார் வெடி.

சம்மட்டியும் குறடும் மறுபடி கட்டிப் புரண்டு, கசாப்பு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தவழ்ந்து போய் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மூடியில் சொருகியிருக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் பம்பருக்கு அடியில் கிடந்தேன். தாடை திறக்கவில்லை. கையை நீட்டி ஒரு விரல், மூன்று விரல், நான்கு விரல், இரண்டு விரல் காட்டினேன். என் மனைவி விரல்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷத்துல தண்ணி தரேன், இருங்க" என்று சொல்லி, வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

தப்பான நேரத்தில் தப்பான சிலிண்டரில் பொறி விழுந்தால் பெட்ரோல் உள்ளே வெடிக்காது. வந்த வழியாகத் திரும்பி வந்து வெடிக்கும், போகிற வழியிலும் வெடிக்கும். மேல்பக்கம் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பியது. ஏர் ஃபில்டரின் தகர மூடி தட்டு மாதிரி சுழன்று வந்து கசாப்பின் நெற்றியில் பதிந்தது. அதில் அச்சிட்டிருந்த பார்ட் நம்பரை ஆறு மாதம்வரைக்கும் அவர் நெற்றியில் படிக்கலாம். படித்துவிட்டு ஒருவர் கடையில் போய் அதே ஃபில்டர் வாங்கினார். பின்பக்கம் சைலன்சர் கழன்று, கேட்டின் இரண்டு கம்பிகளை வளைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் குளித்துக்கொண்டிருந்த தொட்டிக்குள் போய் விழுந்தது. தண்ணீர் கொதித்துவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். குளிப்பதில்லை, அவ்வளவுதான்.

"யாரு மாட்டினது?" என்று என் மனைவி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

மூன்று அண்ணன்களும் வெடியைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. இந்தத் தடவை யாரும் விலக்கவும் இல்லை. கராஜ் கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. அந்தக் கதவுக்கு மேலே நின்றுகொண்டு சண்டை போட்டார்கள், அடியில், பம்பரை விட்டு அப்போதுதான் தவழ்ந்து வெளியே வந்திருந்த நான். வெடி எப்படியோ உருவிக்கொண்டு கடப்பாரையை எடுத்து, இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நின்றார். முகத்தில் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. சட்டை முழுக்கச் சிவப்பு.

"எவனாவது என் ஒயர்ல கை வெச்சீங்க, இந்த வீட்ல ஒரு எலும்பு முழுசா இருக்காது. நாலாவதா நிக்க மாட்டேன். ஒரு தடவ நின்னது போதும்."

சம்மட்டி, ஏற்கெனவே தோள் போன கைதானே என்று அந்தக் கையை நீட்டிப் பார்த்தார். கடப்பாரை இறங்கியது. கரும்பு ஒடிகிற மாதிரி மணிக்கட்டு ஒடிந்தது. குறடு குனிந்து நுழையப் பார்த்தார். முதுகில் வாங்கிக்கொண்டு குனிந்தபடியே வெளியே வந்தார், அப்படியே இருந்துவிட்டார்.

மணி பத்து. டெஸ்ட் மைதானத்துக்கு முப்பத்தைந்து நிமிஷ ஓட்டம். என் மனைவி நான் கீழே போட்டிருந்த புத்தகத்தை எடுத்து, ரத்தத்தைத் துடைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு வெடியின் கேட்கும் காதுப் பக்கமாகப் போய் நின்றாள்.

"அண்ணே."

"நீ நடுவுல வராத பாப்பா. ஒன்னையும் அடிச்சிருவேன்."

"வரல. ஒரு சந்தேகம். இந்த நடு ஒயரு யாரோடது?"

"எது?"

"காயில்லேர்ந்து வருது பாருங்க. இதுலேர்ந்துதான் நாலுக்கும் கரண்ட்டு போகுது. இது குடுத்தாத்தான் அதுங்களுக்கு."

வெடி கடைக்கண்ணால் பார்த்தார். "பெரியண்ணனுக்குமா?"

"ஒண்ணாவது ஒயரும் இதுகிட்ட வாங்கித்தான் பொழைக்கணும்."

கசாப்பின் முகம் பார்ட் நம்பரோடு சேர்ந்து சுருங்கியது. "அப்படியா மாப்ளே?" என்றார் என்னிடம். நான் கதவுக்கு அடியிலிருந்து தலையை ஆட்டினேன். உண்மைதானே, என்ன செய்வது?

"இது யாரோடதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றார் வெடி.

"போடல. அதான் கேக்கறேன். நீங்க வெச்சுக்கறீங்களா?"

எழுபத்தொரு வயது மனிதர். பிறந்ததிலிருந்து முகத்துக்கு முன்னால் ஒரு முதுகைப் பார்த்தே வாழ்ந்தவர். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மூக்கு உடைந்தாலும் கலங்கும், இருந்தாலும் இது வேறு மாதிரி. கடப்பாரையை ஓரமாகச் சாத்தி வைத்தார். என் மனைவி மூடியின் நடுவிலிருந்து அந்த ஒயரின் முனையை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"முனையிலயே கெட்டியா புடிச்சுக்குங்க. இன்னொரு கையால மட்கார்டத் தொட்டுக்குங்கண்ணே. கீழ எண்ணெய், வழுக்கும்."

ரப்பருக்குள் விரலைவிட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையை மட்கார்டில் ஊன்றிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பவரைப் போல நிமிர்ந்து நின்றார் வெடி. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள்.

இருபதாயிரம் வோல்ட் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அவர் தலையில் மிச்சமிருந்த பதினோரு முடியும் எழுந்து நின்றன. நாற்பத்தைந்து வருஷமாக முளைக்காத புருவத்தில் புகை வந்தது. வாயில் இருந்த பல் செட் தானாகத் தந்தி அடித்தது. கத்த நினைத்தார், ஆனால் வாய் திறக்கும்போதெல்லாம் அடுத்த பொறி வந்து மூடியது. மூன்று விநாடி. எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது விநாடி அவள் தெரிந்து கொடுத்ததா, சாவி சிக்கியதா என்று இன்றுவரைக்கும் கேட்டதில்லை. வெடி, நிறுத்தி வைத்த மரப்பலகை சாய்கிற மாதிரி, மடங்காமல், முழு உயரத்துக்கும் விழுந்தார். தரை அதிர்ந்தது.

அவள் இறங்கி அவரைத் தாண்டிப் போனாள். ஒன்றாவது ஒயரைத் தொடவில்லை. மற்ற மூன்றையும் மூடியிலிருந்து உருவி, புத்தகத்தைப் பார்த்து, இடம் மாற்றிச் சொருகினாள். நடு ஒயரை அண்ணன் கையிலிருந்து பிரித்தெடுத்து மூடியில் மாட்டத்தான் கொஞ்சம் நேரமாயிற்று. விரல் விரலாக விடுவிக்க வேண்டியிருந்தது.

பானெட்டை மூடிவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்தது. சைலன்சர் இல்லாததால் தெரு ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. ஆனால் அந்த இரைச்சலுக்குள் நான்கும் ஒரே சீராக ஓடுவது கேட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான்கும்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும்போது பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். என் சட்டைக் காலரைப் பிடித்துக் கதவுக்கு அடியிலிருந்து இழுத்து, பக்கத்து இருக்கையில் போட்டுப் பெல்ட்டை மாட்டினாள். கசாப்பு வண்டிக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார்.

"அண்ணனுக்குக் கரண்ட்டு வெச்சுட்டு எங்க போற பாப்பா?"

"டெஸ்ட்டுக்கு நேரமாச்சு பெரியண்ணே."

"இறங்குடி!"

அவள் கிளட்சை விட்டாள். பம்பர் அவர் முழங்காலில் பட்டு, முழங்கால் போகக் கூடாத திசையில் போனது. தெரு முனைவரைக்கும் அவர் பானெட்டின் மேலேயே படுத்துக்கொண்டு அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். முனையில் அவள் முறைப்படி இண்டிகேட்டர் போட்டுத் திருப்பினாள். அவர் நேராகப் போய்விட்டார்.

டெஸ்ட் மைதானத்தில் அதே அதிகாரி. ஹெல்மெட் போட்டு, மார்பில் தலையணை கட்டியிருந்தார்.

"என்னம்மா இவ்ளோ சத்தம்?"

"சைலன்சர் இல்ல சார்."

"பக்கத்துல யாரு?"

"வீட்டுக்காரர்."

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "உயிரோட இருக்காரா?"

"லைசென்ஸ் இருக்கு சார்."

என்னைப் பின்னிருக்கைக்கு மாற்றிவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார். வலம், இடம், ரிவர்ஸ் எல்லாம் போயிற்று. பிறகு அந்த மேடு. பாதியில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். எடுக்கச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவள் கைபிரேக்கை விட்டாள். வண்டி உதறவில்லை, இருமவில்லை. இறக்கத்தில் போகிற மாதிரி ஏறியது. அவர் மெதுவாகக் கையை எடுத்தார்.

மேட்டின் உச்சிக்கு வந்தபோது எதிரே மைதானத்து வேலியை முறித்துக்கொண்டு அண்ணன்களின் வேன் வந்தது. ஓட்டியது, எப்படியோ பிழைத்தெழுந்த வெடி. ஸ்டியரிங்கைச் சம்மட்டி உடையாத கையாலும் கசாப்பு இரண்டு கையாலும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கக் கதவு திறந்து, குனிந்த நிலையிலேயே குறடு பந்து மாதிரி உருண்டு வந்து எங்கள் பாதையில் விழுந்தார். அவள் பிரேக்கை அழுத்தினாள். குறடின் மண்டைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. இறங்கி அளந்தவர் அதிகாரிதான். வேன் எங்களைத் தாண்டிப் போய் அவருடைய அலுவலகத்தில் நுழைந்தது. முன்சுவர் உள்ளே விழுந்தது, கூரைத் தகடு வேனின் மேல் உட்கார்ந்தது, உள்ளே இருந்து நான்கைந்து எலும்புகளின் சத்தமும், அது யாருடைய தப்பு என்ற விவாதமும் கேட்டன.

அதிகாரி மூக்கைத் தொட்டுப் பார்த்தார். விலாவை அழுத்திப் பார்த்தார். எல்லாம் இருந்தன. படிவத்தில் 'திடீர் பிரேக்: நன்று' என்று எழுதினார். மேஜை இல்லாததால் எங்கள் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"வீட்டுக்காரங்களா?" என்றார், தூசுப் படலத்தைக் காட்டி.

"அண்ணனுங்க சார்."

"ஓ" என்று, போட்டோ ஒட்டித் தயாராக இருந்த லைசென்ஸில் முத்திரை குத்தி அவளிடம் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. என் மனைவி போய் நான்கு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். மூச்சு இருந்தது. வெடி மட்டும் கண்ணைத் திறந்து, "ஓடுச்சா பாப்பா?" என்றார். "ஓடுச்சுண்ணே" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்ததும், நான் நொண்டிக்கொண்டு வந்து வண்டியின் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"எங்க ஏறுறீங்க?"

"வீட்டுக்கு" என்றேன், தாடை அனுமதித்த அளவுக்கு.

அவள் லைசென்ஸை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். போட்டோவில் முறைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே பக்கத்துல யாராவது உட்காரணும்னு சட்டம் இல்ல. இறங்குங்க."

"நான் எப்படிப் போறது?"

ஆம்புலன்ஸைப் பார்த்தாள். "அதுல இடம் இருக்கும். தாடையக் காமிச்சுட்டு வாங்க."

"நீ எங்க போற?"

"தெரியல. போய்ட்டு சொல்றேன்."

இறங்கினேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் பார்த்து, கிளம்பினாள். இடிந்த சுவரைச் சுற்றிக்கொண்டு, முறிந்த வேலி வழியாகப் போகாமல், கேட் வழியாகவே வெளியேறினாள். ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு. ஓர் உதறல் இல்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு தெருத் தள்ளி அதன் உறுமல் கேட்டது. பிறகு மூன்று தெருத் தள்ளி.

கைதட்டலாம் என்று பார்த்தேன். வலது கை மேலே வரவில்லை. தோள்பட்டை கழன்றிருப்பது அப்போதுதான் தெரிந்தது.